தள்ளுவண்டிக்குச் சட்டம், தானியங்கி வண்டிக்குச் சலுகையா?

வெளிநாட்டு நகரங்களில் பிளாட்பாரத்தில் உருண்டுபோய் சாப்பாட்டுப் பொட்டலத்தை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வரும் ரோபோ வண்டிகளைப் பற்றி நம் ஊரில் பேச்செடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "முதலில் பிளாட்பாரத்தைப் போடட்டும், ரோபோவை அப்புறம் பார்க்கலாம்." சிரிக்காமல் பேசுகிறவர்களும் சுற்றி வளைத்து அதையேதான் சொல்கிறார்கள். வராத ஒன்றுக்கு முன்கூட்டியே விதி எழுதினால் முளையிலேயே கிள்ளியதாகிவிடுமாம். தொல்லை வந்தால் அப்போது எழுதிக்கொள்ளலாமாம். ஆள் நடக்கிற வேகத்தில் போகும் சின்ன வண்டி, அதைப் போய் லாரியைப் பார்ப்பதுபோல் ஏன் பார்க்கவேண்டும் என்கிறார்கள். பொறியியல் படித்த இளைஞர்கள், கடைக்காரர்கள், அலுவலர்கள் என்று யாரிடம் கேட்டாலும் இதில் மட்டும் ஆச்சரியமான ஒற்றுமை. கேட்க நியாயமாக இருக்கும் இந்தப் பேச்சு புதுக்கோட்டை போன்ற ஊர்களுக்குப் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவரும் என்பது என் வாதம்.

பிளாட்பாரம் இல்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். அதில் பொய் இல்லை. கீழ ராஜ வீதியிலோ பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியோ நடக்கிறவருக்கு நடைபாதை என்று கிடைப்பது பெரும்பாலும் சாக்கடை மேல் போட்ட சிலாப்தான். அதிலும் பாதியைக் கடைப் படிக்கட்டு பிடித்திருக்கும், மீதியில் பைக் நிற்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூல் நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடங்கலின்றி இருக்கவேண்டும் என்கிறது. அந்த அளவை நாடாவைப் பிடித்துத் தேடினால் கடைவீதியில் எத்தனை இடத்தில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த நிலைமை இப்படியே நீடிக்கப்போவதில்லை. கோயம்புத்தூர் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தடங்கலற்ற நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக் கூடியதாக அது இருக்கவேண்டும், மாநிலங்கள் இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கவேண்டும் என்றும் உத்தரவாகியிருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். புதுக்கோட்டை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆகிவிட்டது. இன்றில்லாவிட்டாலும் நாளை, நீதிமன்றத்துக்குப் பயந்தாவது, நடைபாதைக்கு டெண்டர் விடத்தான் போகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் வழவழவென்று, ஏற்றஇறக்கம் இல்லாமல், சக்கர நாற்காலி ஏறும்படி சரிவு வைத்து ஒரு பாதை உருவாகும்போது அதில் முதலில் சக்கரம் வைக்க ஆசைப்படுகிறவர் யார்? சக்கர நாற்காலிக்கு எது வசதியோ அது ரோபோவுக்கும் வசதி. போடப்போகிற பாதை யாருக்கு என்பதைப் போடுமுன்னே எழுதிவைக்கவேண்டும். போட்ட பிறகு எழுதப்போனால் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி நீதிமன்றத்தில் 'பாரம்பரிய உரிமை' பேசும்.

நம் ஊரின் நெரிசலில் இந்த வண்டிகளால் ஓடவே முடியாது என்பதும் அவ்வளவு உறுதியான கணக்கில்லை. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நேர்கோடாகத் திருத்தி அமைத்த ஊர் இது. நாலு ராஜ வீதி, அதற்கு வெளியே கீழ 2-ஆம் வீதி, வடக்கு 4-ஆம் வீதி என்று எண் போட்ட தெருக்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட இப்படியொரு வரைபடம் கிடைத்தால் வழி கற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மதுரையின் சந்துபொந்துகளில் திணறுவது இங்கே திணறாது.

'வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற யோசனையை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாததுதான் வியப்பு. 2014 மே மாதம் மும்பையில் ஒரு பீட்சா கடைக்காரர் டிரோனில் பீட்சாவைக் கட்டி ஒரு மாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார். நாடே கைதட்டியது. போலீஸ் விளக்கம் கேட்டது. அப்போது டிரோனுக்கென்று தனி விதி எதுவும் கிடையாது. பாதுகாப்புக் கேள்விகள் எழுந்தபோது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கையில் இருந்தது ஒரே கருவி. அதே ஆண்டு அக்டோபரில் தனியார் யாரும் டிரோன் பறக்கவிடக் கூடாது என்று ஒரு பொது அறிவிப்பு, அவ்வளவுதான். முறையான விதி நடைமுறைக்கு வர 2018 டிசம்பர் ஆயிற்று. இடைப்பட்ட நாலு ஆண்டில் கெட்டுப்போனது யார்? சட்டத்தை மதித்து ஆராய்ச்சி செய்ய நினைத்த கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும்தான். கல்யாண வீடுகளில் டிரோன் கேமரா பாட்டுக்குப் பறந்துகொண்டுதான் இருந்தது. 2021 ஆகஸ்டில் எளிமையான டிரோன் விதிகள் வந்தன. 250 கிராமிலிருந்து எடை வாரியாக வகை பிரித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் வைத்தார்கள், வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பங்கு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் வரைக்கும் அந்தத் தொழில் தழைத்தது. முளையில் கிள்ளியது எது, விதியா, விதி இல்லாமையா? கால்கிலோ பொருள் தலைக்கு மேலே பறப்பதற்கு விதி உள்ள நாட்டில், 35 கிலோ இயந்திரம் முழங்காலுக்கு நேரே உருண்டு வருவதற்கு விதி தேவையில்லை என்று வாதிடுகிறார்கள்.

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் இதே கதைதான். மின் ஸ்கூட்டர்களை நடைபாதையில் முதலில் தாராளமாக விட்டார்கள். விபத்துகள் கூடின. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், பதிவு கட்டாயம் என்றார்கள். 2019 செப்டம்பரில் சைக்கிளில் போன ஒரு மூதாட்டி மின் ஸ்கூட்டர் மோதி இறந்தபிறகு, அதே ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின் ஸ்கூட்டரே கூடாது என்று ஒரே வெட்டாக வெட்டினார்கள். கைக்காசு போட்டு அந்த ஸ்கூட்டரை வாங்கி உணவு டெலிவரி செய்துவந்த ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். வேறு வண்டிக்கு மாற அரசு 70 லட்சம் வெள்ளி ஒதுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு கட்டுப்பாடான ஊருக்கே இந்தக் கதி. தாமதமாக வருகிற விதி கோபத்தோடு வருகிறது.

அடுத்து, 'சின்ன வண்டிதானே, பாதசாரியைப் போலத்தானே போகிறது' என்ற வாதம். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான், ஏனென்றால் இது சும்மா ஒரு பேச்சாக நிற்காமல் சில இடங்களில் சட்டமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் முதன்முதலில் 2017-இல் வர்ஜீனியா மாநிலம் இந்த வண்டிகளை அனுமதித்தது. எஸ்டோனியாவில் இவற்றைத் தயாரிக்கும் ஸ்டார்ஷிப் நிறுவனம் சட்டமன்றக்காரர்களோடு கைகோத்து வேலை செய்து உருவான சட்டம் அது. 2020-இல் பென்சில்வேனியா ஒருபடி மேலே போய், டெலிவரி ரோபோவுக்குச் சட்டத்தின் கண்ணில் 'பாதசாரி' என்ற அந்தஸ்தையே கொடுத்தது. அந்தப் பாதசாரி சரக்கு நீங்கலாக 550 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 250 கிலோ வரை இருக்கலாம். நடைபாதையில் மணிக்கு 12 மைல், அதாவது 19 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளே 200 கிலோவுக்குள்தான் இருக்கும். புல்லட்டைவிடக் கனமான ஒன்று பிளாட்பாரத்தில் பின்னாலிருந்து வருகிறது, அதுவும் நானும் சட்டப்படி ஒரே சாதி என்றால் யார் யாருக்கு ஒதுங்குவது?

அதே பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில், இந்தச் சட்டத்துக்கு ஓராண்டு முன்பு நடந்தது இது. 2019 அக்டோபரில் சக்கர நாற்காலியில் சாலையைக் கடந்து வந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், எதிர்ப்புறம் நடைபாதைக்கு ஏறும் சரிவில் ஒரு ரோபோ நின்றுகொண்டிருந்ததால் ஏற முடியாமல் சாலையிலேயே மாட்டிக்கொண்டார். சிக்னல் மாறிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் சோதனை ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. இதில் கவனிக்கவேண்டியது, அந்த இயந்திரம் பழுதாகவில்லை. யார் மேலும் மோதவில்லை. அது கற்ற பாடத்தின்படி மிகவும் பத்திரமாகத்தான் நின்றது. அது நிற்கத் தேர்ந்தெடுத்த இடம் இன்னொருவருக்கு உள்ள ஒரே வாசல் என்பது அதன் பாடத்தில் இல்லை. பாதசாரியாக இருந்தால் "கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா" என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். பிளாட்பாரத்தில் நின்று பொருள் கொடுத்துக் காசு பார்க்கும் தொழில் நமக்குப் புதிதா? திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர், சந்தைப்பேட்டைப் பக்கம் தரைக்கடை போடுபவர், தள்ளுவண்டியில் இட்லி விற்பவர் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அவர்களைப் பாதுகாக்க வந்த சட்டம்தான், வரவேற்கிறேன். அதில் உள்ள நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். கணக்கெடுப்பில் பெயர் இருக்கவேண்டும். விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். கட்டணம் உண்டு. வார்டு அல்லது மண்டல மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. விற்கலாகாத பகுதி என்று ஒதுக்கிய இடத்தில் விற்கக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் விற்றால் 2,000 ரூபாய் வரை அபராதம், சரக்கைப் பறிமுதல் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உறுதிமொழி: இந்தத் தொழிலை நானோ என் குடும்பத்தாரோதான் செய்வோம், எனக்கு வேறு பிழைப்பு இல்லை, இந்தச் சான்றிதழை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன்.

பூ விற்கும் அம்மா இத்தனையும் எழுதிக் கொடுக்கவேண்டும். அதே பிளாட்பாரத்தில் எங்கோ உட்கார்ந்து நூறு வண்டிகளை ஏவிவிடும் ஒரு கம்பெனி ஒரு தாளிலும் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதுதான் 'இப்போது சட்டம் வேண்டாம்' என்பதற்கு நடைமுறைப் பொருள். இதைச் சொல்பவர்களில் பாதிப்பேர், தரைக்கடைகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஜேசிபி கொண்டுவரும்போது "ஊர் இப்போதுதான் சுத்தமானது" என்று மகிழ்கிறவர்கள். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதே 2014 சட்டத்தில் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. கூடை என்றால் ஆக்கிரமிப்பு, சென்சார் வைத்த பெட்டி என்றால் புத்தாக்கம்.

இருக்கிற சட்டமே போதும் என்பாரும் உண்டு. பார்த்துவிடலாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் வைத்து, 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில், குறைந்த எடையோடு ஓடும் பேட்டரி வண்டி குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டால் மோட்டார் வாகனமே ஆகாது. பதிவு எண் வேண்டாம், உரிமம் வேண்டாம், காப்பீடு வேண்டாம். மெதுவாக ஓடும் மின் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் மனதில் வைத்துத் திறந்த கதவு அது. சிறிய ரோபோ ஒன்று அதே கதவின் வழியே நுழைய வக்கீல் வைத்து வாதாட இடமிருக்கிறது. நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? பைக் மோதிக் கால் உடைந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், காப்பீட்டுக் கம்பெனி பதில் சொல்லும். ரோபோ மோதிக் கால் உடைந்தால் சிவில் நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி, கம்பெனியின் அலட்சியத்தை நாமே நிரூபிக்கவேண்டும். பொதுவழியில் தடங்கல் செய்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். அதுவும் யார் மேல் போடுவது?

இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. தானாக ஓடுகிறது என்று விளம்பரம் செய்த கிவி என்ற நிறுவனத்தின் வண்டிகள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஓடியபோது, அவற்றுக்கு வழிகாட்டிக் கொண்டிருந்தவர்கள் கொலம்பியா நாட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குறைந்த கூலிப் பணியாளர்கள் என்பது 2019-இல் வெளியே வந்தது. (அதற்கு முந்தைய டிசம்பரில் அந்த வண்டிகளில் ஒன்று பேட்டரிக் கோளாறால் நடைபாதையில் தீப்பிடித்து எரிந்தது. மாணவர்கள் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினார்கள். நாகரிகம் எங்கெங்கோ போய்விட்டது.) வண்டி ஓரிடம், ஓட்டுகிறவர் ஓரிடம், கம்பெனி பதிவு ஓரிடம், கணினி வழங்கி ஓரிடம். கணேஷ் நகர் காவல் நிலையத்து ஆய்வாளர் சம்மன் அனுப்பினால் எந்த ஊருக்கு அனுப்புவார்?

'வெயிலில் அலையும் டெலிவரிப் பையன்களுக்கு விடுதலை' என்றும் கருணையோடு ஒரு வாதம் வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் சொந்த வண்டி, சொந்த பெட்ரோலில் ஓடும் பையனுக்கு ஆர்டர் இல்லாமல் போவதுதான் விடுதலை என்றால் அதை அவனிடமே கேட்டுவிட்டுச் சொல்லலாம். ஆனால் வேலை பறிபோகிறது என்பதற்காக இயந்திரத்தைத் தடைசெய்யச் சொல்கிற ஆள் நான் இல்லை. என் கவலை கணக்கு சம்பந்தப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, இத்தகைய செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நல நிதிக்குத் தரவேண்டும். ஆனால் அது தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை என்று ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. ஆளுக்குப் பதில் இயந்திரம் வந்தால் ஆளுக்குக் கொடுக்கும் தொகை குறையும், அதோடு நிதியும் வற்றும். வேலை போன பையனுக்கு உதவ வேண்டிய நிதி, வேலை போகப் போகத்தான் குறைகிறது. தமிழ்நாடு 2023 டிசம்பரில் இவர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. ரோபோவின் ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிறு தீர்வை வைத்து அந்த வாரியத்துக்குச் சேர்ப்பதை விதியில் எழுதாவிட்டால் இந்த ஓட்டையை யாரும் அடைக்கப்போவதில்லை.

இவ்வளவும் சொன்னால் 'இயந்திர வெறுப்பு' என்று முத்திரை குத்துவார்கள். புதுக்கோட்டைக்காரர்களிடம் அந்த முத்திரை ஒட்டாது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிப் பல நாடுகளும் அறிந்த செய்தி. அன்று சாலைக்கு வந்த சக்கரம் அதுவரை சாலையில் இடம் இல்லாதவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. ஹேண்டில்பார் அவர்கள் கையிலேயே இருந்தது. இப்போது வரப்போகிற சக்கரத்தால் இடம் பெறுகிறவர் யார், ஹேண்டில்பார் யார் கையில் என்று கேட்பது வெறுப்பாகிவிடாது. விதி வந்தால் ஒரு விஷயம் செத்துவிடும் என்பதையும் இந்த மாவட்டத்தில் நம்ப ஆள் கிடைப்பது கஷ்டம். ஜல்லிக்கட்டுக்கு இன்று மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனை, வீரருக்குப் பதிவு, இரட்டைத் தடுப்பு, நேர வரம்பு என்று எத்தனை கெடுபிடி! ஜனவரி பிறந்தால் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறக்கத்தான் செய்கிறது.

கடைசியாக, 'இதெல்லாம் டெல்லி செய்யவேண்டியது, புதுக்கோட்டை மாநகராட்சி என்ன செய்யும்' என்பது. சான் பிரான்சிஸ்கோவில் 2017 டிசம்பரில் இந்த வண்டிகளுக்குக் கடிவாளம் போட்டது அமெரிக்க நாடாளுமன்றம் இல்லை, நகர மன்றம்தான். ஒரு கம்பெனிக்கு மூன்று வண்டி, ஊர் முழுக்க மொத்தம் ஒன்பது என்று வரம்பு கட்டினார்கள், அதுவும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் வாசலிலேயே. டொராண்டோ நகர மன்றம் 2021 டிசம்பரில், மாற்றுத்திறனாளி அமைப்புகள் வற்புறுத்தியதால், நடைபாதையில் இவை ஓடவே கூடாது என்று நிறுத்திவைத்தது. ஜப்பான் வேறு வழி கண்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்தின் வழியாக, மணிக்கு 6 கிலோமீட்டர், குறிப்பிட்ட நீள அகலம், அவசர நிறுத்தப் பொத்தான், மாகாண அதிகாரியிடம் முன்கூட்டியே அறிவிப்பு என்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. அங்கே எந்தத் தொழிலும் அழிந்துவிடவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தை மாநகராட்சி திருத்த முடியாது, சரி. ஆனால் நடைபாதை அதன் சொத்து. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தன் தெருக்களில் வணிகத்துக்கு இடம் கொடுப்பதற்கு நிபந்தனை வைக்க மாமன்றத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தரைக்கடைக்கு வைக்கிறார்கள்தானே. அதே நிபந்தனைகளை எடுத்து எழுதினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது: இயந்திரம் பாதசாரி ஆகாது, உரிமம் பெற்ற வணிக வண்டி. எண்ணிக்கைக்கு வரம்பு, கட்டணம், ஓடக்கூடாத வீதிகள். 1.8 மீட்டருக்குக் குறுகிய நடைபாதையில் ஏறக்கூடாது. உள்ளூரில் முகவரியுள்ள பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் கைபேசி எண்ணும் வண்டியின் மேல் தமிழில், தூரத்திலிருந்து படிக்கும்படி. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். கேமராவில் பதிவாகும் முகங்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதும் உரிமத்திலேயே இருக்கவேண்டும். நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்கு தெரு வியாபாரிகள் இருக்கவேண்டும் என்று 2014 சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவுக்கே இந்த உரிமத்தையும் பரிசீலிக்கும் அதிகாரம் கொடுத்து, பார்வையற்றவர் ஒருவரையும் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவரையும் கூடுதலாகச் சேர்க்கவேண்டும். இதற்கு மாமன்றத்தில் ஒரு தீர்மானமும் இரண்டு பக்கத் துணைவிதியும் போதும். அடுத்த நடைபாதை டெண்டர் திறப்பதற்கு முந்தைய கூட்டத்திலேயே நிகழ்ச்சிநிரலில் வைத்துவிடலாம்.